லிஃப்ட் கதவில் ஒளிந்திருக்கும் தேய்மானம்: மாடி மாடியாகச் சோதிப்பது எப்படி?

பெசன்ட் நகரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பு. கேபின் கூரையில் நின்றுகொண்டு தரைத்தளத்துக் கதவின் தலைப்பகுதியில் டார்ச் அடித்தேன். கதவு தொங்கி ஓடும் ட்ராக்குக்கு அடியில், மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் கறுப்பாக ரப்பர் தூள். வெளியே நின்ற வாட்ச்மேன் அண்ணன், "நேத்து ராத்திரிகூட நல்லாத்தானே சார் ஓடிச்சு" என்றார். உண்மைதான், ஒரு கம்ப்ளெயின்ட்கூட இல்லை. ஆனால் பூட்டின் கொக்கி எவ்வளவு இறங்கும்போது காண்டாக்ட் சேர்கிறது என்று அளந்தால் 4 மி.மீ. வந்தது. குறைந்தது 7 இருக்க வேண்டும்.

காரணத்தைத் தேடினேன். காண்டாக்டின் தகட்டை யாரோ ப்ளையரால் மேல்நோக்கி நெம்பியிருந்தார்கள். அந்த யாரோ நான்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில், தரைத்தளத்தில் மட்டும் லிஃப்ட் நின்று நின்று போகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கொக்கி ஆடும் பின்னைச் சுற்றிய வளையமான புஷ் தேய்ந்துபோய், கொக்கி லேசாகச் சாய்ந்து, அது மாட்டும் பிடியில் உரசி, முழுசாக இறங்காமல் நின்றுகொண்டிருந்தது. புஷ்ஷை மாற்றியிருக்க வேண்டும். கையில் புஷ் இல்லை. தகட்டை நெம்பிவிட்டேன், லிஃப்ட் ஓடியது, நானும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து கதவைச் சோதிக்கப் போனால் முதலில் சரிக்கட்டிய தடத்தைத்தான் தேடுகிறேன். வளைந்த தகடு, கதவைத் தூக்கிவிட மேலே செருகிய ஷிம் என்கிற மெல்லிய தகடு, மூடும் எடையோடு கட்டித் தொங்கும் கூடுதல் இரும்புத் துண்டு, பெயின்ட் உடைந்த போல்ட். தேய்ந்த பாகம் சத்தம் போட்டாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சத்தத்தை அடக்க நாம் செய்த வேலைதான் ஒளிந்துகொள்கிறது.

இந்த வழிகாட்டி புதிதாக லைனுக்கு வந்த மெக்கானிக் தம்பிகளுக்காக எழுதியது. முதல் படியை மட்டும் அசோசியேஷன் செயலாளர்களும் செய்து பார்க்கலாம். அதற்கு மேல் உள்ளவை கேபின் ஏறி இறங்கும் குழியான ஷாஃப்ட் சம்பந்தப்பட்டவை. பயிற்சி இல்லாதவர், மாடிக் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவியைத் தொடவே கூடாது.

கதவில் ஒன்று பிடிக்கும், ஒன்று சொல்லும்

ஒவ்வொரு மாடிக் கதவிலும் இரண்டு வேலை நடக்கிறது. கொக்கி கதவைப் பிடித்து வைக்கிறது. காண்டாக்ட், "பிடித்துவிட்டது" என்று கன்ட்ரோலருக்குச் சொல்கிறது. எல்லா மாடிக் காண்டாக்டுகளும் ஒரே சரமாகக் கோத்தவை. ஒன்று விட்டாலும் லிஃப்ட் நிற்கும். அதனால்தான் லிஃப்ட் ஓடினாலே எல்லாக் கதவும் பத்திரம் என்று நினைத்துவிடுகிறோம். காண்டாக்ட் சேர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரிகிறது. கொக்கி பிடித்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஐரோப்பியத் தரமான இஎன் 81-20, கொக்கி 7 மி.மீ. இறங்கிய பிறகே காண்டாக்ட் சேர வேண்டும் என்று சொல்வது, இந்த இரண்டு வேலையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்விடக் கூடாது என்பதற்காக.

இன்னொரு விஷயம். ஐந்து மாடிக் கட்டடத்தில் ஏறக்குறைய எல்லாப் பயணமும் தரைத்தளத்தில் தொடங்கும், இல்லையென்றால் அங்கே முடியும். மூன்றாவது மாடிக் கதவு ஒரு முறை திறப்பதற்குள் தரைத்தளக் கதவு பல முறை திறந்து மூடியிருக்கும். ஆகவே புதுக் கதவு எப்படி இருந்திருக்கும் என்று தெரிய கேட்லாக்கைத் தேட வேண்டாம். ஆள் அதிகம் போகாத மாடியில் அதே கதவு, அதே வயதில், பாதி புதுசாக நிற்கிறது. நான் எப்போதும் அங்கே தொடங்கி, அந்த அளவுகளைக் குறித்துக்கொண்டு, கடைசியாகத் தரைத்தளத்துக்கு வருவேன்.

தொடங்குமுன்

ஆள் இரண்டு பேர். தரைத்தளத்திலும் வேலை நடக்கும் மாடியிலும் எச்சரிக்கைப் போர்டு. கருவிகள் என்று பார்த்தால் டார்ச், ஸ்டீல் ஸ்கேல், மெல்லிய சந்தை அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், கறுப்பு மார்க்கர், 50 மி.மீ. பிவிசி பைப்பில் ஒரு முழத் துண்டு, விசை அளக்கும் கேஜ், கொஞ்சம் பனியன் வேஸ்ட். ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம்.

கார் டாப்பில், அதாவது கேபின் கூரையில், ஏறும்போது மூன்று சோதனைகளைத் தாண்டாமல் காலை வைக்காதீர்கள். சாவியால் கதவைத் திறந்து, திறந்தபடியே வெளியே உள்ள அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். லிஃப்ட் நகரக் கூடாது. கையை நீட்டி ஸ்டாப் ஸ்விட்சைப் போட்டு, கதவை மூடி, மறுபடி அழுத்துங்கள். அப்போதும் நகரக் கூடாது. பிறகு, கேபின் கூரையிலிருந்து மட்டுமே ஓட்டும் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டு, ஸ்டாப்பை விடுவித்து, கதவை மூடி மூன்றாவது முறை அழுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் திரும்ப ஸ்டாப் போட்டுவிட்டு ஏறுங்கள். இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் இதே வரிசைதான்.

காண்டாக்டைத் தாண்டி ஜம்பர் வயர் கிளிப்பை மாட்டி ஓட்டிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். புதிய கன்ட்ரோலர்களில் இதற்கென்றே பைபாஸ் ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் லிஃப்ட் சாதாரணமாக ஓடாது, நாமே அழுத்தி ஓட்டினால்தான் நகரும். பழைய கன்ட்ரோலரில் வேறு வழியே இல்லை என்றால் எத்தனை ஜம்பர் கிளிப் எடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: வெளியே நின்று கண்ணும் கையும்

கேபின் அந்த மாடியிலேயே நிற்கட்டும். கதவு மூடியதும் இரண்டு பலகைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். சீராக இருந்தால் சரி. மேலே ஒட்டியும் கீழே அகன்றும் இருந்தால் ஒரு பக்க ரோலர் தேய்ந்து பலகை சாய்ந்திருக்கிறது. பலகைக்கும் சட்டத்துக்கும் இடையிலான சந்து புதிதில் 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தேய்ந்தபின் 10 வரை போகலாம், அதைத் தாண்டக் கூடாது.

அடுத்து, கதவின் கீழ்முனையில் விரல்களைக் கொடுத்துத் திறக்கும் திசையில் இழுங்கள். முழு பலமும் வேண்டாம், 15 கிலோ தூக்குகிற அளவு போதும். நடுவில் திறக்கும் கதவு 45 மி.மீ.க்கு மேலும், ஒரு பக்கம் திறக்கும் கதவு 30 மி.மீ.க்கு மேலும் விலகக் கூடாது. 

படி 2: சில்லும் கிப்பும்

அவசரப்படக் கூடாத இடம் இது. கதவு மேலே ரோலரில் தொங்குகிறது. கீழே அதைப் பிடித்திருப்பது சில் என்கிற வாசல்படித் தகட்டின் பள்ளத்துக்குள் ஓடும் கிப் என்கிற சின்ன நைலான் துண்டுகள். பலகைக்கு வழக்கமாக இரண்டு. ஒருவர் கதவில் சாய்ந்தாலோ, பிள்ளைகள் ஓடிவந்து மோதினாலோ, பீரோ ஏற்றுகிறவர்கள் இடித்தாலோ, பலகையின் அடி ஷாஃப்டுக்குள் போகாமல் தாங்குவது அந்த நைலான்தான். அது தேய்வது பள்ளத்துக்குள் நடப்பதால் வெளியே எதுவும் தெரியாது.

நம்ம ஊர்ச் சில்லில் என்னென்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியலே போடலாம்: கோலமாவு, கடல் மணல், தண்ணீர் கேனின் மூடித் துண்டு, வேலைக்கார அம்மா தரை துடைத்துத் தள்ளிய தண்ணீர். கோலமாவில் ஈரம் பட்டால் பள்ளத்தின் அடியில் சிமென்ட் போல் இறுகிவிடும். அதன்மேல் ஓடும் கிப் உப்புத்தாளில் தேய்ப்பதுபோல் தேய்கிறது. தண்ணீர் கேன்காரர் நான்காவது மாடிக்குப் போய்வரும்வரை கதவு மூடாமலிருக்க ஒரு கேனைக் குறுக்கே வைப்பார். கதவு வந்து வந்து அதில் இடித்துத் திரும்பும். அந்த இடியெல்லாம் கிப்பில்தான் இறங்குகிறது.

பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு பலகையிலும் ஒரு கிப்பையாவது கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியிலிருந்தே பார்த்து "ஓகே" எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. நைலான் ஒரு பக்கம் மட்டும் சப்பையாகியிருந்தால் பலகை முறுக்கிக்கொண்டு ஓடுகிறது. உள்ளே இருக்கும் இரும்புத் தகடு தெரிந்தால் அந்தக் கதவை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இங்கேயும் சரிக்கட்டிய தடம் ஒன்று உண்டு. கதவு அடியில் உரசுகிறது என்று கம்ப்ளெயின்ட் வந்தால் சுலபமான வழி, பலகை தொங்கும் ஹேங்கரில் ஷிம் போட்டுப் பலகையைத் தூக்கிவிடுவது. உரசல் நின்றுவிடும். கூடவே கிப்பும் பள்ளத்தைவிட்டு மேலே வந்துவிடும். ஆகவே பலகைக்கும் சில்லுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் அளந்தால் போதாது. கிப் எவ்வளவு ஆழம் உள்ளே இறங்கியிருக்கிறது என்பதையும் அளந்து, அதிகம் ஓடாத மாடியின் அளவோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மேலே ஷிம் எத்தனை என்று எண்ணுங்கள்.

படி 3: ஹேங்கர் ரோலர், ட்ராக், எக்சென்ட்ரிக்

கறுப்புத் தூள் இருந்தால் ரோலர் தேய்கிறது. கதவை மெதுவாக நகர்த்தி ரோலரின் முழுச் சுற்றையும் பாருங்கள். ஓரிடத்தில் சப்பை விழுந்திருந்தால் நகரும்போது டக் டக் என்று கைக்கே தெரியும். பேரிங் போயிருந்தால் விரலால் சுழற்றும்போது மணலரைக்கும் உணர்வு வரும்.

ட்ராக்குக்கு அடியில் இருக்கும் எக்சென்ட்ரிக் ரோலரின் வேலை, கதவு துள்ளி ட்ராக்கைவிட்டு எழாமல் தடுப்பது. அதற்கும் ட்ராக்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான் இருக்கும். ஃபீலர் கேஜை வைத்துத் தயாரிப்பாளர் கொடுத்த அளவோடு பாருங்கள். மூடிய நிலை, பாதி, முழுக்கத் திறந்த நிலை என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். ட்ராக் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. தேய்ந்த இடத்தில் வைத்து எக்சென்ட்ரிக்கை இறுக்கினால் தேயாத இடத்தில் கதவு கவ்விக்கொள்ளும்.

படி 4: கொக்கியும் காண்டாக்டும்

பலகை, ரோலர் எல்லாம் சரியான பிறகே இங்கே வாருங்கள். சாய்ந்த கதவில் பூட்டை அளப்பது, தராசைச் சாய்த்து வைத்து நிறுப்பது மாதிரி.

மெயினை அணையுங்கள். காண்டாக்டில் 110 வோல்ட் இருப்பது சகஜம். அந்தக் காண்டாக்டின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்துப் பீப் ஒலியில் வையுங்கள். கதவு மூடிக் கொக்கி இறங்கியிருக்கிறது, பீப் கேட்கிறது. இப்போது கொக்கியை விரலால் மெல்ல, மயிரிழை மயிரிழையாகத் தூக்குங்கள். பீப் நிற்கும் அந்தக் கணத்தில் கையை அப்படியே நிறுத்தி, பிடியின் விளிம்புக்கு நேராகக் கொக்கியின்மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பிறகு கதவைத் திறந்து, கொக்கி நுனியிலிருந்து கோடு வரை ஸ்கேலால் அளந்தால் அதுதான் நமக்கு வேண்டிய எண். 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் சரி. 6 வந்தால் "கிட்டத்தட்ட சரி" என்று ஒன்று கிடையாது.

எண் குறைந்தால் தகட்டைத் தொடாதீர்கள். முதலில் கொக்கியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் போயிருக்கிறது. கொக்கியின் முகமும் பிடியின் முகமும் கூராக இருக்கின்றனவா, மழுங்கி வழுக்குப் பளபளப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பளபளப்பு இருந்தால் ஒவ்வொரு முறையும் உரசித்தான் இறங்குகிறது. பிடியின் போல்ட் துளை நீளத்துளை என்பதால் அதை நகர்த்தியிருந்தால் பழைய வாஷரின் தடம் பக்கத்தில் தெரியும். கொக்கியை இறக்கிவிடும் ஸ்பிரிங்கைத் துருவுக்காகப் பாருங்கள். ஸ்பிரிங் உடைந்தாலும் கொக்கி தன் எடையால் திறந்துகொள்ளக் கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றி, கதவு பூட்டியபடியே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

காண்டாக்ட் முகத்தில் கறுப்பு இருந்தால் துணியால் துடையுங்கள். எமரி பேப்பரால் தேய்த்தால் மேலே உள்ள வெள்ளிப் பூச்சு போய்விடும், அடுத்த மழைக்கே திரும்பக் கூப்பிடுவார்கள். குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

நடுவில் திறக்கும் கதவுகளில் கொக்கி ஒரு பலகையில் மட்டும் இருக்கலாம். இன்னொரு பலகையை அதோடு இழுத்துக்கொண்டு போவது ஒரு மெல்லிய கம்பிக் கயிறு. கயிறு அறுந்தால் அந்தப் பலகை பூட்டே இல்லாமல் நிற்கும். அதனால்தான் அந்தப் பலகைக்கும் தனிக் காண்டாக்ட் வைத்திருப்பார்கள். கயிறு கப்பியில் வளைகிற இடத்தில் பனியன் வேஸ்டைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. கடலோரக் கட்டடங்களில் இந்தக் கயிறு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பளிச்சென்று இருப்பதை நம்ப வேண்டாம்.

கழற்றிய வயரை மறக்காமல் மாட்டுங்கள்.

படி 5: தானாக மூடுகிறதா?

கேபின் அந்த மாடியில் இல்லாதபோது மாடிக் கதவு திறந்திருந்தால் தானாக மூட வேண்டும். எடையோ ஸ்பிரிங்கோ அதைச் செய்கிறது. முழுக்கத் திறந்துவிட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அப்போது கதவு வேகம் எடுத்து வந்து, தேய்மானத்தையெல்லாம் தாண்டிப் பூட்டிக்கொள்ளும். இரண்டு விரல் அகலம் மட்டும் திறந்து, கையை மெல்ல எடுத்துப் பாருங்கள். அங்கிருந்து வேகம் இல்லாமல் போய்ப் பூட்ட வேண்டும். தயங்கி நின்றால் எங்கோ பிடிக்கிறது. எடையைக் கூட்டினால் மூடிவிடும், ஆனால் பிடிக்கிற காரணம் அங்கேயே இருக்கும். எடையோடு சேர்த்துக் கட்டிய துண்டு எதையாவது கண்டால் அதைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மாலைக் கடற்காற்று லாபிக்குள் நேராக அடிக்கும் கட்டடங்களில் காற்று இருக்கிற நேரத்திலேயே பார்ப்பது நல்லது. காலையில் மூடிய கதவு மாலையில் மூடாமல் போகலாம்.

படி 6: கேபின் கதவு

கேபின் கதவின் கப்ளர்தான் மாடிக் கதவின் பூட்டு ரோலர்களைக் கவ்வித் திறக்கிறது. ரோலரின் ரப்பர் உரிந்திருக்கிறதா, லிஃப்ட் ஒவ்வொரு மாடியைக் கடக்கும்போதும் கப்ளர் எதையும் உரசாமல் நடுவே போகிறதா என்று இன்ஸ்பெக்‌ஷன் வேகத்தில் பாருங்கள். ஓடும் லிஃப்டில் கப்ளர் ரோலரைத் தட்டினால் காண்டாக்ட் ஒரு கணம் விடும், லிஃப்ட் நடுவில் நிற்கும். "காரணமே இல்லாமல் நிற்குது" என்கிற கம்ப்ளெயின்ட்களில் பாதி இங்கேதான் கிடைக்கும்.

வாசலில் கதிர்களைப் பாய்ச்சி, குறுக்கே ஆள் வந்தால் கதவைத் திருப்பும் லைட் கர்ட்டனைக் கையை நீட்டிச் சோதிப்பதில் பிரயோஜனம் இல்லை. அந்த 50 மி.மீ. பைப் துண்டைப் படுக்கையாகப் பிடித்து, சில்லிலிருந்து 25 மி.மீ. உயரம் தொடங்கி 1600 மி.மீ. வரை பத்துப் பதினைந்து இடங்களில் நீட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் கதவு திரும்பவில்லை என்றால் அந்தக் கதிர் செத்துவிட்டது, அல்லது அழுக்கு மறைக்கிறது. ஆயுத பூஜை முடிந்த வாரம் எனக்கு வரும் அழைப்புகளில் ஒன்றிரண்டாவது, யாரோ பக்தியோடு லைட் கர்ட்டனுக்கே சந்தனமும் குங்குமமும் வைத்ததாக இருக்கும். நாய்க்குக் கட்டும் மெல்லிய கயிற்றைக் கர்ட்டன் பார்க்காது என்பதை நாய் வளர்க்கும் வீடுகளில் சொல்லிவிட்டு வாருங்கள்.

மூடும் விசையைக் கதவு மூன்றில் ஒரு பங்கு மூடிய பிறகு அளக்க வேண்டும். 150 நியூட்டனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மோட்டார் செட்டிங்கை யாரோ கூட்டியிருக்கிறார்கள். ஏன் கூட்டினார்கள் என்று திரும்பவும் சில்லிலும் ரோலரிலும் தேடுங்கள்.

கையால் இழுத்து மூடும் பழைய கேட் என்றால்

சங்கிலி கேட் வைத்த பழைய லிஃப்டுகளில் கதை வேறு. அங்கே கேட்டின் ரிவெட்டுகள் தளர்ந்து, மூடியபின்னும் கேட் ஒரு விரல் அளவு பின்வாங்கும். ஆனால் கேட் ஸ்விட்ச் சேர்ந்தே இருக்கும். மூடியபின் கேட்டை மெல்லத் திறந்துகொண்டே, எவ்வளவு திறந்தால் ஸ்விட்ச் விடுகிறது என்று பாருங்கள். மாடிக் கதவு கீல் வைத்ததாக இருந்தால், கேபின் வேறு மாடியில் நிற்கும்போது கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கி இழுங்கள். குலுக்கலில் திறந்தால் பூட்டின் நாக்கும் அதைத் தள்ளும் கேமின் கையும் தேய்ந்தவை.

எப்போது நிறுத்துவது?

கொக்கி 7-க்குக் கீழே, கிப் இல்லை அல்லது இரும்பு தெரிகிறது, இரண்டு விரல் அகலத்திலிருந்து கதவு மூடவில்லை, கயிற்றில் இழை அறுந்திருக்கிறது, எங்காவது காண்டாக்டை நேரடியாக இணைத்து வைத்திருக்கிறார்கள். இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மெயினை அணைத்துவிடுங்கள். மேல்மாடிப் பெரியவர் கோபித்துக்கொள்வார், செயலாளர் "ரெண்டு நாள் ஓட்டிக்கலாமே" என்பார். எழுத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென்று 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது, உரிமம் கொடுப்பது மின் ஆய்வுத் துறை. நோட்டில் எண்ணோடு எழுதிய குறிப்பு உங்கள் பக்கமும் பேசும், அவர் பக்கமும் பேசும்.

நோட்டில் மாடிக்கு ஒரு வரி: பலகை இடைவெளி, கிப் ஆழம், கொக்கி அளவு, ஷிம் எண்ணிக்கை. "சரி" என்ற சொல்லை மட்டும் எழுத வேண்டாம். போன முறை 9, இந்த முறை 8 என்றால் லிஃப்ட் இன்னும் அளவுப்படி நல்ல லிஃப்ட்தான், ஆனால் புஷ்ஷுக்கு இப்போதே ஆர்டர் போட்டுவிடலாம். எனக்குப் பெசன்ட் நகரில் அந்த 9 நோட்டில் இருந்திருந்தால் ப்ளையரை எடுத்திருக்க மாட்டேன்.

வேலை முடிந்து கீழே இறங்கியதும் ஜம்பர் கிளிப்புகளை எண்ணுங்கள். அப்புறம் கடைசியாக, சாவி போட்டுத் திறந்த ஒவ்வொரு மாடிக் கதவையும் கேபின் வேறு மாடியில் இருக்கும்போது வெளியே நின்று இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். சாவித்துளைக்குப் பின்னால் இருக்கும் தண்டு துருப்பிடித்திருந்தால் சாவியை எடுத்த பிறகும் திரும்பாமல், கொக்கியைத் தூக்கியபடியே நிற்கும். கதவு மூடியதுபோலத்தான் தெரியும். இழுத்தும் அசையவில்லை என்றால் போர்டை எடுத்து வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுக்கலாம்.